தொலைதூரத்து மக்களுக்காகக் குரல் கொடுப்பதால் என்ன ஆகும்?

கேள்வி: அந்நிய இராணுவ ஆக்கிரமிப்புக்கு எதிராக உலக மக்கள் ஒன்றுபட வேண்டும் என்று ஓர் இடதுசாரிக் கட்சி விடுத்த அறைகூவலைப் படித்தேன். இத்தகைய அறைகூவல்களால் ஆக்கிரமிப்புப் படை எங்காவது பின்வாங்கியது உண்டா? இல்லை, இது வெறும் சடங்குதானா?

பதில்: சடங்காகவே முடிந்துபோன அறைகூவல்கள் ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிழக்குத் திமோரின் இருபத்து நான்கு ஆண்டுக் கதையை அறிந்தவர்கள் அவற்றை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, இந்தோனேசியத் தீவுகளை ஒட்டி, போர்த்துகீசியக் காலனியாக இருந்த அந்நாட்டின் சுதந்திரத்தை, ஃப்ரெட்டிலின் என்ற இடதுசாரி விடுதலைக் கட்சி 1975 நவம்பர் 28 அன்று அறிவித்தது. ஒன்பது நாட்கள் கழித்து, டிசம்பர் 7 அன்று, இந்தோனேசியப் படைகள் தலைநகர் டிலியில் இறங்கின. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைச் சந்தித்திருந்தார்கள். இவ்விஷயத்தில் இந்தோனேசியாவை நெருக்கப் போவதில்லை என்று ஃபோர்டு உறுதியளித்தது பின்னாளில் வெளியான அமெரிக்க ஆவணங்களில் இருக்கிறது. டிலியிலிருந்து வானொலி வழியே உதவி கேட்டு எழுந்த குரலை, கடலுக்கு அக்கரையில், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் கேட்டார்கள்.

அங்கே அதைக் கேட்டவர்களில் பிரயன் மானிங்கும் ஒருவர். அவர் துறைமுகத் தொழிலாளி, ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். மலைகளுக்குப் பின்வாங்கிய ஃப்ரெட்டிலின் அங்கிருந்து நடத்திய வானொலியை அவரும் தோழர்களும் செவிமடுத்துப் பதிவு செய்தார்கள். டார்வினுக்கு வெளியே காட்டுப்பகுதியில் இரகசியமாக ஒலிபரப்புக் கருவி வைத்துப் பதிலும் அனுப்பினார்கள். சிட்னியிலிருந்த அதே கட்சியின் டெனிஸ் ஃப்ரீனி அச்செய்திகளைப் பத்திரிகைகளுக்கும் உலகெங்கும் இருந்த ஆதரவாளர்களுக்கும் கொண்டு சேர்த்தார். 1976 செப்டம்பரில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் கருவியைப் பறிமுதல் செய்தார்கள். வேறொரு கருவி வந்தது. தொடர்பு 1978 இறுதிவரை நீடித்தது. அத்தீவை இந்தோனேசிய இராணுவம் வெளியுலகின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்த காலத்தில், அங்குள்ளவர்களின் சொந்தக் குரல் வெளியே வந்துசேர்ந்த வழி இதுதான். அறைகூவல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் காட்டில் காதோடு வைத்துக் கேட்ட கருவிதான் நினைவுக்கு வருகிறது.

அரசுகள் நடந்துகொண்ட விதம் வேறு. 1975 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை படையெடுப்பைக் கண்டித்தபோது 72 நாடுகள் ஆதரவாகவும் 10 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. எதிர்த்த பத்தில் இந்தியாவும் இருந்தது என்பதை வேதனையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 1982-இல் அந்த ஆதரவு 50-க்கு 46 என்று சுருங்கியது. 50 நாடுகள் எப்பக்கமும் சேரவில்லை. அதன்பின் தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 1989 டிசம்பரில் ஆஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்கள் திமோர்க் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் அமர்ந்து, அக்கடலடி எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர்களின் கணக்கைப் பின்னர் ஆராய்ந்த திமோரின் உண்மை ஆணையம், ஆக்கிரமிப்புக் காலம் முழுவதற்குமாகக் குறைந்தது 1,02,800 உயிர்கள் என்று மதிப்பிட்டது.

1991 நவம்பர் 12 அன்று டிலியின் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்கு ஊர்வலமாக வந்த இளைஞர்கள்மீது படையினர் சுட்டார்கள். அங்கே படம்பிடித்துக்கொண்டிருந்த மாக்ஸ் ஸ்டால், தாம் பிடிபடுவது உறுதி என்று உணர்ந்து, ஒளிநாடாக்களைப் புதிதாகத் தோண்டிய ஒரு புதைகுழியில் மறைத்துவிட்டு, இரவில் திரும்பிவந்து எடுத்துச் சென்றார். அக்காட்சிகள் வெளிவந்தபோது, அவற்றை வாங்கிப் பரப்பவும், நாடாளுமன்றங்களின் வாசலில் போய் நிற்கவும் பதினாறு ஆண்டுகளாக விடாமல் உழைத்த சிறு சிறு குழுக்கள் பல நாடுகளில் தயாராக இருந்தன. அவர்கள் இல்லாதிருந்தால் அந்த நாடா ஒரு நாள் செய்தியோடு முடிந்திருக்கும் என்பதே என் துணிபு.

கேள்வி: வல்லரசுகளைக் கண்டிக்கும் இடதுசாரிகள், தங்களுக்கு வேண்டிய நாடு படையெடுத்தால் வாய் மூடிக்கொள்கிறார்களே?

பதில்: குற்றச்சாட்டு நியாயமானது. 1956-இல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது அதை நியாயப்படுத்திய கட்சிகள் பல. 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோதோ நிலைமை சற்று மாறியிருந்தது; இத்தாலியக் கட்சி கண்டித்தது, மேலே சொன்ன ஆஸ்திரேலியக் கட்சியும் கண்டித்தது. மாஸ்கோவின் மனக்கசப்புக்கு அஞ்சாத அந்தக் கட்சியே ஏழாண்டுகள் கழித்துத் திமோரியர்களுக்கும் துணைநின்றது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1945-இல் இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்க டச்சுக்காரர்கள் முனைந்தபோது, ஆயுதங்களோடு புறப்பட இருந்த டச்சுக் கப்பல்களில் வேலை செய்ய மறுத்து ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் நின்றார்கள். இந்தோனேசிய மாலுமிகளோடு இந்திய, சீன மாலுமிகளும் அப்புறக்கணிப்பில் சேர்ந்துகொண்டார்கள். அப்படி உதவிபெற்று விடுதலையான நாடே முப்பதாண்டுகள் கழித்து அண்டை மக்களை ஆக்கிரமித்தது. அப்போது அத்தொழிலாளர்களின் சங்கம் பழைய நட்பைக் காரணம் காட்டி ஒதுங்கவில்லை. இந்தோனேசியக் கப்பல்களுக்கு எதிராகவும் அதே தடையை விதித்தது. ஒருமைப்பாடு கொடிக்கு உரியது என்றால் இது துரோகம். ஒடுக்கப்படும் மக்களுக்கு உரியது என்றால் இதுவே நேர்மை.

எல்லாவற்றிலும் கடினமானது, ஆக்கிரமிக்கும் நாட்டுக்குள்ளிருந்தே எதிர்ப்பது. இந்தோனேசியாவில் 1965–66 படுகொலைகளில் இடதுசாரி இயக்கம் அநேகமாக வேரோடு அழிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 1990-களில் அங்கே முளைத்த மக்கள் ஜனநாயகக் கட்சி, திமோரியர்களின் தன்னுரிமையைத் தன் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தது. 1995 டிசம்பர் 7, படையெடுப்பின் இருபதாம் ஆண்டு நாளில், திமோரிய இளைஞர்களும் இந்தோனேசிய இளைஞர்களும் சேர்ந்தே ஜகார்த்தாவின் டச்சு, ரஷ்யத் தூதரகங்களுக்குள் புகுந்து அமர்ந்தார்கள். அக்கட்சியின் தலைவர் புடிமான் சுஜாத்மிகோவுக்கு 1997-இல் 13 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தன் அரசு செய்யும் அநீதியைத் தன் அரசின் முகத்துக்கு நேரே சொல்கிறதா என்பதை வைத்துத்தான் எந்தக் கட்சியின் அறைகூவலையும் நான் எடைபோடுகிறேன்.

கேள்வி: திமோரை விடுவித்தது ஆசியப் பொருளாதார நெருக்கடியும் ஐ.நா. அனுமதித்த படையும்தானே? ஆதரவாளர்களுக்கு அதில் என்ன பங்கு?

பதில்: நெருக்கடி இல்லாமல் 1998 மே மாதத்தில் சுகார்த்தோ வீழ்ந்திருக்க மாட்டார்; அவர் வீழாமல் பொது வாக்கெடுப்பும் வந்திருக்காது. இதை மறைத்துப் பேசுவது ஆதரவாளர்களுக்கே நன்மை செய்யாது. ஆனால் கதவு திறந்த வேளையில் திமோர் என்ற பெயரை உலகம் மறந்துபோயிருந்தால், அக்கதவு வழியே யார் நுழைந்திருப்பார்? 1999 ஆகஸ்ட் 30 அன்று, பதிவு செய்த வாக்காளர்களில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் மிரட்டல்களுக்கு நடுவே வந்து வாக்களித்தார்கள், அவர்களில் 78.5 விழுக்காட்டினர் பிரிந்து செல்வதைத் தேர்ந்தார்கள். அதற்குப் பழிவாங்கும் வெறியாட்டம் மூண்டபோது ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்கள் மறுபடியும் இந்தோனேசியக் கப்பல்களையும் சரக்குகளையும் தடுத்தன. வீதிகளில் திரண்ட மக்கள், நாட்கணக்கில் தயங்கிய தங்கள் அரசை நெருக்கினார்கள். செப்டம்பர் 20 அன்று பன்னாட்டுப் படை டிலியில் இறங்கியது.

2002 மே 20 அன்று திமோர் சுதந்திர நாடான பிறகும் அந்த ஆஸ்திரேலிய ஆதரவாளர்கள் கலைந்துவிடவில்லை. கடலடி எண்ணெய்க்காகத் தங்கள் அரசே திமோருக்கு நியாயமான கடல் எல்லையை மறுத்தபோது, இம்முறை கான்பெராவை எதிர்த்து நின்றார்கள். இரு நாடுகளுக்கும் நடுக்கோட்டை ஒட்டி எல்லை வகுத்த ஒப்பந்தம் 2018 மார்ச் 6 அன்று நியூயார்க்கில் கையெழுத்தானது.