வாசகர் கேள்வி-பதில்: விமானத்தில் இறங்கிப் படகில் ஏறும் நாள்

கேள்வி: வரும் மார்ச் மாதம் இரண்டு குடும்பங்களாக ஒன்பது பேர் மாலைதீவுக்குச் செல்கிறோம். ஐந்து நாள்களுக்கு ஒரு சஃபாரி படகை முழுமையாக வாடகைக்கு எடுத்திருக்கிறோம். விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்வோம் என்று படகுக்காரர் ஒரு வரியில் எழுதியதோடு சரி. அங்கே இறங்கிய பின் என்ன நடக்கும்? மாலை விமானத்தில் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது, அதில் போகலாமா? எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் எங்களுடன் வருகிறார்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாலை விமானம் வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பறப்புத்தான் என்பதால் எந்த நேரத்தில் போனாலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியளவில் பொழுது சாய்ந்துவிடுகிறது. பவளப்பாறைகளுக்கு இடையிலான கால்வாய்களில் இருட்டிய பின் படகைச் செலுத்துவதைப் படகோட்டிகள் விரும்புவதில்லை. இரவு எட்டு மணிக்கு நீங்கள் படகேறினால், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயின் கடனீரேரியில் நங்கூரமிட்டபடியே அந்த இரவு கழியும். நகரத்து அடுக்குமாடிகளின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உறங்கலாம். முழுப் படகின் வாடகையை ஐந்தால் வகுத்து, ஒன்பது டிக்கெட்டுகளில் மிச்சமாகும் பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு விடை சொல்லிவிடும்.

அதற்காக விடியற்காலை விமானத்தில் ஓடிப்போகவும் தேவையில்லை. உங்களுக்கு முன்னிருந்த குழு காலையில் இறங்கிய பின்னரே அறைகளைத் துப்புரவு செய்து, தண்ணீரும் டீசலும் சமையல் பொருள்களும் ஏற்றுவார்கள் என்பதால் பெரும்பாலான படகுகள் நண்பகலுக்குப் பின்னரே ஆட்களை ஏற்றுகின்றன. நண்பகலை ஒட்டி இறங்கும் விமானமே உங்களுக்குப் பொருத்தமானது. ஏறும் நேரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. அது போதாதென்று, பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று சில விடுதித் தீவுகளும் படகுகளும் தமது கடிகாரத்தை மாலே நேரத்திலிருந்து ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருக்கின்றன. அத்தகைய படகில் பிற்பகல் ஒரு மணி என்றால் மாலேயில் நண்பகல் பன்னிரண்டு. உங்கள் கைக்கடிகாரத்தைக் கொழும்பு நேரத்திலேயே விட்டிருந்தால் அது பன்னிரண்டரை காட்டும்.

இனி இறங்கிய பின் நடப்பது. வேலானா சர்வதேச விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல்தான். ஒவ்வொரு பயணியும், கைக்குழந்தை உட்பட, இமுகா என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பியிருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது இடைத்தரகருடையது என்று அறிந்து விலகுங்கள். தங்குமிடம் என்ற இடத்தில் படகின் பெயரை எழுத வேண்டும். படகின் பெயர் உள்ள உறுதிக் கடிதத்தையும் திரும்பும் டிக்கெட்டையும் அச்சிட்டு ஒரே உறையில் வைத்திருங்கள். குடிவரவு அதிகாரி கேட்கும்போது ஒன்பது பேரும் ஒன்பது கைத்தொலைபேசிகளைத் துழாவ வேண்டிவராது.

சுங்கத்தில் எல்லாப் பொதிகளும் ஊடுகதிர்க் கருவியில் போகும். மதுபானம், பன்றியிறைச்சி, வேப் எனப்படும் மின்சிகரெட் ஆகிய மூன்றும் உள்ளே போகக்கூடாதவை. கட்டுநாயக்கவில் சுங்கவரியற்ற கடையில் வாங்கிய போத்தலாயினும் இதே கதிதான். நம்மவர்கள் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. வழிபாட்டுக்குரிய சிலைகளும் அங்கே தடைசெய்யப்பட்டவை. மாமியாரின் கைப்பையில் விரல் உயரப் பிள்ளையார் ஒருவர் இருப்பது வழக்கமாயின், அவர் இந்த ஐந்து நாள்களுக்கு வெள்ளவத்தையிலேயே இருந்து வீட்டைக் காவல் செய்யட்டும்.

வருகைப் பகுதியைத் தாண்டியதும் படகின் பெயர் எழுதிய பலகையுடன் ஒருவர் நிற்பார். அவர் ஒன்பது பேரையும் எண்ணிய பின்னரே நகர்வார் என்பதால் கழிவறை, சிம் அட்டை, பணமாற்று எல்லாவற்றையும் அவரைப் பார்த்த பின் ஒருவர் மாற்றி ஒருவராகச் செய்து முடியுங்கள். அங்கிருந்து இறங்குதுறைக்கு நடந்து, தோனி எனப்படும் துணைப்படகில் ஏறிச் சிறிது தூரம் சென்றால் பெரிய படகு நிற்கும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இறங்குதுறை அன்று. இறங்குதுறை அசையாது, தோனி மட்டுமே அசையும். தோனியிலிருந்து பெரிய படகுக்கு மாறும்போது இரண்டும் அசைகின்றன, அதுவும் ஒரே தாளத்தில் அசைவதில்லை. தோனி மேலெழும் கணத்தில் மாலுமி குரல் கொடுப்பார். அப்போது காலெடுத்து வைக்க வேண்டும், தயங்கி நின்று பின் வைக்கக்கூடாது. விரல்களைப் பிடித்துக்கொள்ளாமல், மாலுமியும் அவரும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றிக்கொள்வது பாதுகாப்பானது. இரு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். கைப்பை பின்னால் வருபவரிடம் இருக்கட்டும். சேலையைவிடச் சல்வார் வசதி என்று சொல்லிப் பாருங்கள், கேட்பாரா என்பது உங்கள் வீட்டு விவகாரம். படகில் எல்லோரும் வெறுங்காலுடன் நடப்பதால் செருப்புகளை ஏறும் இடத்திலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கழற்றுவதற்கு எளிதான செருப்பு நல்லது. ஹுல்ஹுமாலே விமான நிலையத் தீவோடு சாலையால் இணைந்திருப்பதால், அங்குள்ள துறைமுகத்தில் படகை அணைத்து மாமியாரை நேரடியாக ஏற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றாலும் இப்படியொருவர் வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பொதிகளுக்கு ஒரே விதி: மடித்து வைக்கக்கூடிய துணிப் பைகள். உருளைச் சில்லு பூட்டிய கடினப் பெட்டியைப் படகின் அறைக்குள் வைத்தால் நீங்கள் வெளியே நிற்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள். 2025 ஜனவரி முதல் சஃபாரி படகுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 அமெரிக்க டொலர் பசுமை வரி உண்டு. அது உங்கள் வாடகைக்குள் அடங்கியதா? அடுத்து, அழைத்துச் செல்லும் சேவை ஒரு தடவைக்கு மட்டுமானதா? இரு குடும்பங்களும் வெவ்வேறு விமானங்களில் வந்தால் இரண்டாவது பயணத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லையேல் முதலில் வந்தவர்கள் பின்வருபவர்களுக்காக விமான நிலையத்தில் காத்திருக்க நேரும்.

கேள்வி: லண்டனிலுள்ள மகன் பாய்மரப் படகு ஓட்டும் உரிமம் பெற்றிருக்கிறார். ஜூலையில் குரோஷியாவின் ஸ்பிளிட் நகரிலிருந்து ஒரு வாரத்துக்குப் படகு எடுத்திருக்கிறோம். சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் படகு தருவார்கள். நானும் மனைவியும் அதே சனிக்கிழமை முற்பகல் 11 மணிக்கு சாக்ரெப்பில் இறங்கி, அங்கிருந்து காரில் போக நினைக்கிறோம். நேரம் போதுமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வரைபடத்தில் போதும், சாலையில் போதாது. சாக்ரெப்பிலிருந்து ஸ்பிளிட் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெறிச்சோடிய நாளில் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஜூலை மாதச் சனிக்கிழமையில், வாரக் கணக்கில் விடுதியும் படகும் எடுத்த ஐரோப்பியர் அனைவரும் அதே நெடுஞ்சாலையில்தான் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமையே போய் இறங்குங்கள். அல்லது வேறொரு நகரத்தில் மாறி ஸ்பிளிட் விமான நிலையத்துக்கே டிக்கெட் எடுங்கள்.

இரண்டாவது வழியில் ஒரு கவனம் வேண்டும். தமக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் வலயத்தில் குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ஆகவே வலயத்துக்குள் முதலில் கால்வைக்கும் விமான நிலையத்திலேயே உங்கள் குடிவரவுச் சோதனை நடக்கும். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் விரலடையாளமும் முகப்படமும் எடுக்கிறார்கள் என்பதால், அங்கே ஒரு மணி நேர மாற்றத்தை நம்பி டிக்கெட் எடுப்பது சூதாட்டம்.

படகு ஸ்பிளிட்டில் என்கிறீர்கள். எந்தப் படகுத்துறையில் என்று ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். ஸ்பிளிட் என்ற பெயரில் விற்கப்படும் படகுகள் பல, நகரத்துக்கு வெளியே காஷ்டெலாவிலும் ட்ரோகிரிலும் அதற்கு அப்பாலும் நிற்கின்றன. விமான நிலையமும் நகரத்தில் இல்லை. அது ஸ்பிளிட்டுக்கும் ட்ரோகிருக்கும் இடையே, ட்ரோகிரிலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவிலும் ஸ்பிளிட்டிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேலும் இருக்கிறது. ட்ரோகிரில் நிற்கும் படகுக்கு, வாடகைக் கார்க்காரரிடம் ஸ்பிளிட் என்று சொல்லி ஏறிவிட்டால் எதிர்த் திசையில் போய் நெரிசலில் மாட்டித் திரும்ப வேண்டியதுதான்.

மகனிடம் மூன்றைச் சொல்லுங்கள். உரிமத்தோடு, படகின் வானொலித் தொடர்புக் கருவியை இயக்குவதற்கான சான்றிதழின் மூலப்பிரதியும் கையில் இருக்க வேண்டும். ஏறுவோர் பட்டியலை, கடவுச்சீட்டு இலக்கங்களோடு, முன்னரே அனுப்ப வேண்டும். பிணைத் தொகைக்குக் கடனட்டை வேண்டும். நம்முடைய வங்கி அட்டையைக் கொடுப்பதாயின் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்திருக்கிறதா என்றும், அவ்வளவு தொகைக்கு வரம்பு இருக்கிறதா என்றும் இங்கேயே உறுதிசெய்யுங்கள்.

ஐந்து மணிக்குப் படகு கையில் வந்ததும் எல்லோரும் மேல்தளத்தில் உட்கார்ந்து படம் எடுப்பது வழக்கம். அதற்குப் பதிலாக மகனும் இன்னொருவரும் வெளிச்சம் இருக்கும்போதே இயந்திரம், நங்கூரம், பாய், துணைப்படகு எல்லாவற்றையும் பொருட்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க, நீங்களும் மனைவியும் கடைக்குப் போங்கள். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அங்கே கடைகள் ஆண்டில் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே திறக்கலாம். சனிக்கிழமை மாலையைத் தவறவிட்டால் மறுநாள் பால் வாங்கவும் அலைய நேரலாம். கொழும்பிலிருந்து பால்மா கொண்டுபோகலாமே என்று மனைவி சொல்வார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவருவது தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதிச் சான்று வேண்டும். மிளகாய்த்தூளும் கறித்தூளும் தாராளமாகப் போகும்.

கேள்வி: ஓகஸ்டில் தம்பியின் குடும்பம் ரொறன்ரோவிலிருந்து விடியற்காலையில் கட்டுநாயக்கவில் வந்திறங்குகிறது. அன்று மாலையே மிரிஸ்ஸவில் அல்லது திருகோணமலையில் வாடகைப் படகில் ஏற வேண்டும் என்கிறார்கள். எது வசதி?
— வாசகர், தெஹிவளை

பதில்: மிரிஸ்ஸதான் கிட்டடி. கொழும்புக்குள் நுழையாமலே, கெரவலப்பிட்டியில் வெளிச்சுற்று அதிவேக நெடுஞ்சாலைக்கு மாறி, கொட்டாவ வழியாகத் தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து வெலிகமப் பக்கம் இறங்கிவிடலாம். ஆனால் ஓகஸ்டில் அந்த வசதியால் பயனில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் கிழக்குக் கடலே அமைதியானது, ஆகவே திருகோணமலைதான்.

அங்கே தரைவழியில் 250 கிலோமீற்றர் அளவு; குருணாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு முழு நாளை விமானத்திலும் காத்திருப்பிலும் கழித்துவிட்டு வரும் குழந்தைகளை அன்றைக்கே படகில் ஏற்றினால், முதல் அலையிலேயே எல்லோரும் சுருண்டு படுப்பார்கள். முதல் இரவை ஹபரணையில் தங்கி, காலையில் மீதித் தூரத்தைக் கடப்பதே எனது ஆலோசனை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே பொழுதுபட்ட பின் யானைகள் வீதியைக் கடப்பதும் இதற்கு ஒரு காரணம். திருகோணமலையின் சீனக்குடா விமான நிலையத்துக்குச் சிறு விமானம் பிடிக்கலாம் என்று யாரேனும் சொன்னால், அவற்றில் ஏற்றக்கூடிய பொதியின் நிறையை முதலில் கேளுங்கள்.

ஏனெனில் பொதிதான் உங்கள் உண்மையான சிக்கல். கனடாவிலிருந்து வருபவர்கள் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டிகள் கொண்டுவருவார்கள். ஆறு பேர் என்றால் பன்னிரண்டு பெட்டிகள். ஆட்களோடு அத்தனையும் ஒரு கே.டி.எச். வானில் அடங்காது, படகில் அறவே அடங்காது. படகுக்கு வேண்டிய உடுப்புகளை ஆளுக்கொரு சிறு பையில் தனியாக அடுக்கி வரும்படி இப்போதே தம்பிக்குச் சொல்லுங்கள். விடியற்காலையில் நீங்கள் இன்னொரு வாகனத்துடன் கட்டுநாயக்கவுக்குப் போய் வரவேற்றுவிட்டு, பெரிய பெட்டிகளைத் தெஹிவளைக்கு ஏற்றிக்கொண்டு வாருங்கள். அவர்கள் அங்கிருந்தே குருணாகல் வீதியைப் பிடிக்கட்டும்.