கரைத்துணியைக் கடைசியில் தேடுங்கள்

கேள்வி: அக்காவுக்கு முதல் பிள்ளை பிறக்க இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாறன் துண்டுகளையும் அம்மாவின் பழைய நூல் சேலைகளையும் வைத்து ஒட்டுத்துணி விரிப்பு தைக்கப் போகிறேன். சாறன் துண்டெல்லாம் கடும் சிவப்பும் நீலமும். பிள்ளைக்கு இளநிறம்தான் நல்லது என்கிறார்கள். கரைக்கு என்ன நிறத்தில் துணி வாங்கலாம்? (கல்முனை வாசகி)

பதில்: மகள், இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நடுப்பகுதியைத் தைத்து முடித்துப் பாயில் விரித்துப் பார்த்தால்தான் அதற்கு எந்தக் கரை பொருந்தும் என்று தெரியும். முதலே வாங்கிய கரைக்காக நடுவை வளைக்கப் போனால் இரண்டும் கெடும்.

கடும் நிறத்துக்குப் பயப்படாதீர்கள். பிறந்த பிள்ளைக்கு ஓரடித் தூரத்துக்குள்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அந்த வயதில் மங்கலான ரோசாவையும் இளநீலத்தையும் விட, வெளுப்பும் கடுமையும் அருகருகே இருப்பதுதான் கண்ணை இழுக்கும். சாறன் துண்டுக்குப் பக்கத்தில் வெளிறிய சேலைத் துண்டை வையுங்கள். அடுக்கியதைக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மாற்றி அடுக்க வேண்டும். சிவப்பும் நீலமும் வேறு நிறங்கள்தான், ஆனாலும் படத்தில் ஒன்றாகிவிடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

எனக்குக் கவலை சாயத்தில்தான். ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் தனியாகக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் போடும்போதுதான் உப்பு உதவும், போட்ட சாயத்தை அது பிடித்து வைக்காது. மூன்று கழுவலுக்குப் பிறகும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். பிள்ளை எதையும் வாயில் வைத்துச் சப்பும். சேலையின் சரிகைக் கரையும் வேண்டாம், மெல்லிய தோலைக் கீறும்.

அளவுக்கு வருவோம். ஐந்தரை அங்குலச் சதுரமாக 36 துண்டு வெட்டுங்கள். கால் அங்குலத் தையல் விட்டு ஆறுக்கு ஆறாக இணைத்தால் நடு 30 அங்குலம் வரும். மூன்றரை அங்குல அகலத்தில் கரை வெட்டினால் விரிப்பு 36 அங்குலம். கரையின் நீளத்தை ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரம் இழுபட்டிருக்கும். நடுக்குறுக்கே அளந்து, அந்த நீளத்துக்கே வெட்டி, ஊசி குத்திப் பொருத்துங்கள். ஓரத்தோடு ஓடவிட்டுத் தைத்து மிச்சத்தை வெட்டினால் கரை அலை அலையாக நிற்கும்.

கரைக்கு என் தெரிவு சாறனின் கோடுகள்தான். கோடு விரிப்பின் ஓரத்துக்குக் குறுக்காக வரும்படி வெட்டினால் ஏணிப்படி போல அழகாக இருக்கும். துணி போதாவிட்டால் நடுவில் மிகக் குறைவாக வந்த நிறத்தைப் போடுங்கள்.

உள்ளே தடித்த பஞ்சு வேண்டாம், மாரியில் காயாது. பழைய சேலையை இரண்டாய் மடித்து வைத்தால் போதும். ஒரு வயது வரை இதைத் தரையில் விரித்துப் பிள்ளையை விளையாட விடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். தூங்கும்போது மேலே போர்த்தவோ ஏணைக்குள் வைக்கவோ கூடாது, மூச்சை அடைக்கும். இதை அக்காவிடம் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுங்கள்.