கணக்கு வராதவர் காட்டுயிர் படிக்கலாமா? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் இறுதி வருடம் படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு விலங்குகள் என்றால் உயிர். அடிபட்ட பறவையைக் கண்டால் விட்டுவிட்டுப் போக மனது வராது. பல்கலைக்கழகத்தில் சூழலியலும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் படிக்க ஆசைப்படுகிறேன். கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. இந்தப் படிப்பில் அது இருக்காது என்பதும் ஒரு காரணம். வீட்டிலோ, “விலங்குதான் பிடிக்கும் என்றால் கால்நடை மருத்துவம் படி, வேலையாவது கிடைக்கும்” என்கிறார்கள். நீங்கள் இதைப் படித்தவர் என்பதால் கேட்கிறேன். விலங்குகள் மேல் இருக்கும் அன்பு போதுமா? அப்படி என்னதான் சொல்லித்தருவார்கள்?

க.

அன்புள்ள க.,

கணக்கை முதலில் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். இந்தப் படிப்பில் கணக்கு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. என்னோடு சேர்ந்தவர்களில் பலர் முதல் வருடம் மிரண்டது அங்கேதான். ஆனால் அது எப்படிப்பட்ட கணக்கு என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதியாகக் குறையும்.

ஒரு குளத்தில் எத்தனை ஆமைகள் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வீர்கள்? குளத்தை இறைத்து எண்ண முடியாது. 40 ஆமைகளைப் பிடித்து, ஓட்டின் விளிம்பில் சின்னதாக ஓர் அடையாளம் வைத்துத் திரும்ப விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து 50 ஆமைகளைப் பிடிக்கிறோம். அவற்றில் 10 ஆமைகளின் ஓட்டில் நம் அடையாளம் இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியென்றால் முதலில் அடையாளம் வைத்த 40 ஆமைகளும் குளத்தின் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மொத்தம் 200. கணக்கு இவ்வளவுதான்.

படிப்பு இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. முதல் தடவை வலையில் சிக்கிய ஆமை இரண்டாம் தடவை உஷாராகி ஒதுங்கிப் போனால்? 50 பிடித்தும் அடையாளம் உள்ளவை 10க்குப் பதில் 5தான் என்றால் விடை 400 ஆகிவிடும். குளத்தில் ஓர் ஆமைகூட அதிகமாகியிருக்காது, காகிதத்தில் மட்டும் இரண்டு மடங்கு. அந்த 400ஐ நம்பி, “இந்தக் குளத்து ஆமைகளுக்கு ஆபத்தில்லை” என்று ஒருவர் அறிக்கை எழுதிவிடலாம். புலிகளை எண்ணுவதும் இதே கணக்கின் நீட்சிதான். ஒவ்வொரு புலியின் வரிகளும் வேறு என்பதால் பிடித்து அடையாளம் வைக்கத் தேவையில்லை, தானியங்கிக் கேமராவில் விழும் படமே போதும். ‘எனக்கு இது எப்படித் தெரியும், என் விடை எங்கே தவறலாம்’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதைத்தான் அத்தனை வருடமும் பழக்குகிறார்கள்.

அன்பு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தெற்கு அட்லாண்டிக்கில் தெற்கு ஜார்ஜியா என்றொரு தீவு. கடல்நாய் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களோடு எலிகளும் அங்கே போய் இறங்கின. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நெட்டைக்காலிக் குருவி, எலி இல்லாத ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்டது. கடைசியில் எலிகள் இருந்த பகுதிகள் முழுவதும் ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு கலந்த இரையைத் தூவினார்கள். 2018இல் தீவில் எலி இல்லை என்று அறிவித்தார்கள். குருவி திரும்பி வந்தது. செத்த எலிகளும் வலியை உணரும் உயிர்கள்தான். அதில் எனக்கு இன்றும் சங்கடம் உண்டு, இருந்தாலும் செய்தது சரி என்றே நினைக்கிறேன். இந்தத் துறைக்கு வந்தால் இப்படிப்பட்ட முடிவுகள் உங்கள் மேசைக்கும் வரும். கால்நடை மருத்துவர் தன் முன்னால் இருக்கும் ஓர் உயிரைப் பார்க்கிறார். நாம் ஓர் இனத்தை, அது வாழும் இடத்தை, வரப்போகும் ஐம்பது வருடத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டும் உயர்ந்த வேலைகள். உங்கள் மனம் எதில் நிற்கும் என்பதை வீட்டில் யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டுமே தேவைப்பட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். 1990களில் தெற்காசியாவில், செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகள் கொத்துக்கொத்தாக மடியத் தொடங்கின. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பது எப்படித் தெரிந்தது? 90களின் தொடக்கத்திலேயே சிலர் சாலை வழியே போய் இரைகொல்லிப் பறவைகளை எண்ணிக் குறித்து வைத்திருந்தார்கள். அதே சாலைகளில் திரும்ப எண்ணியபோதுதான் சரிவின் அளவு பிடிபட்டது. அன்று அந்த எண்ணிக்கை யாருக்கும் பெரிதாகத் தோன்றியிருக்காது.

ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தால், உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அறிகுறி அது. மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணிதான் காரணம் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து உடம்பில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற கழுகு சில நாட்களில் இறந்துபோனது.

அப்போது நியாயமாகவே ஒரு கேள்வி எழுந்தது. எல்லா மாட்டுக்கும் இந்த மருந்தைப் போடுவதில்லையே, இத்தனை பெரிய சரிவை இது ஒன்றே உண்டாக்கியிருக்க முடியுமா? அதற்கு விடை கணக்கிலிருந்துதான் வந்தது. பாறு கழுகு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். வளர்ந்த பறவைகளின் சாவு கொஞ்சம் கூடினாலும் இனம் தாங்காது. இனப்பெருக்கம், ஆயுள், எத்தனை நாளுக்கு ஒருமுறை இரை எடுக்கும் என்பதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டார்கள். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே அந்தச் சரிவுக்குப் போதும் என்று தெரிந்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கழுகுகளைப் பாதிப்பதில்லை என்பதையும் சோதித்துக் காட்டினார்கள். 2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன. அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கும் பறவைகள் என்றால் உயிராகத்தான் இருந்திருக்கும், க.

என்ன சொல்லித்தருவார்கள் என்ற கேள்விக்கு, என் முதல் களப் பயிற்சியைச் சொல்கிறேன். எங்கள் ஆசிரியை ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள சதுரச் சட்டத்தைப் புல்தரையில் போட்டு, உள்ளே இருக்கும் செடிகளையெல்லாம் எழுதச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: புல், மஞ்சள் பூச்செடி, அகன்ற இலைச் செடி. அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு தண்டை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டச் சொன்னார். வழுக்கிக்கொண்டு உருண்டது. அதற்குப் பக்கத்தில் இருந்ததை உருட்டினேன். உருளவில்லை, விளிம்புகள் விரலில் தட்டின. தண்டு முக்கோணமாக இருந்தது. நான் புல் என்று எழுதியதில் ஒன்று கோரை. வெயில் சாயும்போது என் பட்டியலில் 14 பெயர்கள் இருந்தன. அன்றைக்குப் பிறகு எனக்கு எந்தத் தரையும் வெறும் புல்தரையாகத் தெரிந்ததில்லை.

மற்றபடி மரபியல் உண்டு, வரைபடம் தயாரிக்கும் மென்பொருள் உண்டு, தரவை அலசும் நிரல் எழுதுவது உண்டு, சட்டமும் கொஞ்சம் உண்டு. காட்டை ஒட்டி வாழும் மனிதர்களிடம் உட்கார்ந்து பேசக் கற்பதைப் பல இடங்களில் ஒப்புக்குத்தான் வைத்திருக்கிறார்கள். அதை நீங்களே தேடிக் கற்க வேண்டும். பயிர் பறிகொடுத்தவரின் கோபத்தைக் காதுகொடுத்துக் கேட்காதவர் யானையைக் காப்பாற்ற முடியாது.

வேலையைப் பற்றி வீட்டில் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நிரந்தரப் பணிகள் குறைவு. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தத்தில் ஓடும் திட்டங்கள்தான் அதிகம். புள்ளியியலும் வரைபட வேலையும் நன்றாகத் தெரிந்தவருக்குக் கதவுகள் கொஞ்சம் சுலபமாகத் திறக்கின்றன. அதையும் வீட்டில் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பை நிறையப் பாசிமணிகளைக் கொட்டிக்கொள்ளுங்கள். எண்ண வேண்டாம். 40ஐ எடுத்து மையால் புள்ளி வைத்து, திரும்பப் போட்டு, நன்றாகக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு 50 எடுத்து, புள்ளி வைத்தவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தைக் கணக்கிடுங்கள். பிறகு அந்த 50ஐயும் திரும்பப் போட்டுக் குலுக்கி, இதையே பத்துத் தடவை செய்யுங்கள். பத்து விடைகளும் ஒன்றாக வராது. எல்லாம் முடிந்த பிறகு மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். உங்கள் பத்து விடைகளையும் அந்த எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஏன் அப்படி மாறி மாறி வந்தது என்று நீங்கள் நினைப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.