தொழுவத்து உத்தரத்தில் ஒரு தண்டவாளம்

அன்புள்ள ஐயா,

உடன்குடியில் எங்கள் பழைய வீட்டுத் தொழுவத்துக்கு உத்தரமாகத் தண்டவாளம் ஒன்று போட்டிருக்கிறார்கள். குலசேகரப்பட்டினத்து பாரி கம்பெனி ரயிலில் கிடந்தது என்பார் தாத்தா. திருச்செந்தூர் லைனில் கழித்துப் போட்ட இரும்பு என்கிறார் சித்தப்பா. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தா சொன்ன ரயில் உண்மை. திசையன்விளையிலிருந்து குலசை (குலசேகரப்பட்டினம்) வழியாகத் திருச்செந்தூர் வரை 1915 முதல் 1940 வரை ஓடியது. குலசையில் பாரி கம்பெனியின் ஆலை கருப்பட்டியைச் சீனியாக்கியது. பதநீர் சில மணி நேரத்தில் புளித்துவிடும். பனங்காட்டிலேயே கருப்பட்டியாகக் காய்ச்சினால்தான் தூரம் போகும். தேரி எனும் செம்மணல் மேட்டிலோ பாரவண்டிச் சக்கரம் புதையும். அந்தச் சரக்குக்காகப் போட்ட பாதை அது.

பாதையின் அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, இரண்டடி (610 மில்லிமீட்டர்). 1923-ல் வந்த திருநெல்வேலி–திருச்செந்தூர் லைன் மீட்டர் கேஜ், இடைவெளி ஒரு மீட்டர். ஆனால் ஒற்றைத் தண்டவாளத்தை வைத்து அகலம் சொல்ல முடியாது. பலர் தவறுவது இங்கேதான்.

கழற்ற வேண்டாம், உயரத்தை அளந்து பாருங்கள். மூன்று அங்குலத்தை ஒட்டி இருந்தால் சின்ன ரயில், கெஜத்துக்கு (மூன்றடி நீளத்துக்கு) 30 பவுண்டு எடை. நான்கு அங்குலமோ கூடுதலோ என்றால் 50, 60 பவுண்டு, மீட்டர் கேஜில் வழக்கமாகப் போட்டது. துண்டு தனியாகக் கிடைத்தால் எடை போடுங்கள்: மீட்டருக்கு எத்தனை கிலோவோ அதை இரண்டால் பெருக்கினால் கெஜத்துக்குப் பவுண்டு. உப்பளம், குவாரி டிராலிகளுக்கும் சின்னத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்பதால் உயரம் மட்டும் போதாது.

அடுத்து எழுத்து. தலைக்கும் பாதத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில், தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, சாக்கட்டியைப் படுக்கவைத்து உரசினால் எழுத்து எழும்பும். கடற்காற்று பட்ட பக்கம் அரித்திருக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்த பக்கத்தில் தேடுங்கள். 1940-க்குப் பிந்திய ஆண்டு என்றால் சித்தப்பா பக்கம் நியாயம். 1915-க்குச் சற்று முந்திய ஆண்டும் மூன்று அங்குல உயரமும் சேர்ந்து வந்தால், தாத்தாவை நம்பலாம்.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் இரும்பு ஸ்லீப்பர் ஏதாவது அருகே வேலிக்காலாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். தண்டவாளம் உட்காரும் இரண்டு இடங்களும் அதில் சேதமில்லாமல் இருந்தால், இடைவெளியை அளந்தாலே வழக்கு தீர்ந்துவிடும். பார்த்து முடித்ததும் தேய்த்த இடத்தில் எண்ணெய் தடவிவிடுங்கள், உப்புக்காற்று விடாது.