டி.சி. கொடுத்து அனுப்பாமல் எப்படி உதவுவது? ஒரு பள்ளி ஆலோசகரின் கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் 18 ஆண்டுகளாகப் பள்ளி ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றை, கேட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி சுருக்கி, பதிலுடன் தருகிறேன்.

கேள்வி: அம்மா, நான் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் உதட்டுக்குள் கூலிப் பொட்டலம் வைத்திருந்ததை வாத்தியார் பார்த்துவிட்டார். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

டி.சி. கேட்டு நீங்களாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்பட்ட பையனுக்குப் பகல் முழுவதும் போக்கிடம் இல்லாமல் போய்விடுகிறது. அவனுக்கு அந்தப் பொட்டலத்தைப் பழக்கிவிட்டவர்கள்தாம் அப்போது அவனுக்கு மிஞ்சும் துணை. அவன் திருந்துவதற்கு உதவக்கூடிய ஆசிரியர், நேர ஒழுங்கு, மதியச் சாப்பாடு, நல்ல நண்பர்கள் அனைத்தும் அந்தப் பள்ளி வளாகத்துக்குள்தான் இருக்கின்றன.

கூலிப் என்பது புகையிலைதான். மிட்டாய் மணம் இருப்பதால் பிள்ளைகள் அதை அப்படி எண்ணுவதில்லை. நிறுத்திய முதல் மூன்று நாட்களில் எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அவன் நிறுத்தப்போகும் நாளை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அந்த நாட்களில் அவன் காட்டும் சிடுசிடுப்பைத் திமிர் என்று எண்ணி அவர் தண்டித்துவிடக்கூடும். தானாக நிறுத்த முடியவில்லையென்றால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே போவதால் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் வந்துவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவனின் கட்டைவிரல் நகத்தடியில் பழுப்புக் கறையைக் கண்டு கேட்டேன். மாலையில் அம்மாவுக்குப் பீடியின் தலையை மடக்கிக் கொடுப்பதாகச் சொன்னான். புகையிலைத் தூளின் நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் சேரும். பீடித் தட்டுதான் உங்கள் பிள்ளையைப் படிக்கவைக்கிறது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவன் படுக்கும் இடத்திலும் படிக்கும் இடத்திலும் தட்டை வைக்காதீர்கள், அவனை வேலையில் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: நான் தலைமையாசிரியர். போதைப் பழக்கமுள்ள மாணவனைப் பள்ளியில் வைத்திருந்தால், ஒரு குடம் பாலில் ஒரு துளி நஞ்சு விழுந்த கதையாகிவிடாதா?

உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, ஐயா. பயன்படுத்துகிற மாணவனையும் மற்றவர்களுக்கு விற்கிற மாணவனையும் முதலில் பிரித்துப் பாருங்கள். விற்கிற சிறுவனுக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு பெரியவர் இருப்பார். சிறுவர்களைப் போதைப் பொருள் விற்கவோ கடத்தவோ பயன்படுத்துவோருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

பயன்படுத்துகிறவனைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்திப் பெயர் சொல்லாதீர்கள். அவன் மதிக்கிற ஓர் ஆசிரியரிடம் அவனை ஒப்படைத்து, வாரத்தில் ஒரு நாள் பதினைந்து நிமிடம், ஆசிரியர் ஓய்வறையில் அல்லாமல் மரத்தடியிலோ மைதானத்திலோ பேசச் சொல்லுங்கள். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவறுக்கு ஒரு விளைவு இருக்கட்டும், அது பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி உங்கள் பள்ளியில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பல பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலிலேயே தொங்குகிறது. எல்லோரும் பார்த்திருக்க எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்?

கேள்வி: வகுப்பில் ஒரு மாணவனின் கைக்குட்டையில் பஞ்சர் ஒட்டும் சொலூஷன் வாடை அடிக்கிறது. (வள்ளியூர் ஆசிரியை)

அவனைத் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள். அந்த ஆவியை இழுத்த கையோடு திடுக்கிட்டாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போய்விடக்கூடும். காற்றோட்டமான இடத்தில் அமைதியாக உட்கார வைத்து, மயக்கம் தெரிந்தால் உடனே 108ஐ அழையுங்கள். விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் புகையிலை விற்கிறார்கள். என்ன செய்வது?

கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதையும், 18 வயதுக்குட்பட்டோருக்கு எங்கே விற்பதையும் 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுக் காவல் நிலையத்தில் எழுத்தாகக் கொடுங்கள். மாணவனைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஒரு மாணவி வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. விளையாட்டு வகுப்பில் கையில் வரிசையாகக் கீறல்களைப் பார்த்தேன். கேட்கப் பயமாக இருக்கிறது. (அம்பாசமுத்திரம் உடற்கல்வி ஆசிரியை)

பார்த்தீர்களே, அதுவே பெரிய உதவி, அம்மா. தனியே அழைத்து, “உன் கையைப் பார்த்தேன் தாயி, வலி அதிகமாக இருக்கிறதா?” என்று தொடங்குங்கள். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் உண்டாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அது உண்டாவதில்லை, தனியே சுமந்த பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் சொல்வேன்” என்று வாக்குக் கொடுங்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது உங்கள் கடமை. ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே அவளைத் தனியே விடாமல், அவள் நம்புகிற பெரியவர் ஒருவரின் கையில் ஒப்படையுங்கள்; விவசாயக் குடும்பமானால் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: சாதிப் பேச்சுக்குப் பயந்து என் மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். அவன் மனம் பலவீனமானதா?

இல்லை, ஐயா. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியால் வீட்டில் வெட்டப்பட்ட பிறகு, இந்தப் பயத்தை மனநோய் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளி நல அலுவலர்களை நியமிக்கவும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. யார், எந்த நாள், என்ன சொன்னார்கள் என்று தேதியிட்டு எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417ஐ அழையுங்கள். மகனுக்கு ஆலோசனை தேவைப்படலாம். அவனைத் துன்புறுத்துகிறவர்களைத் தடுப்பது அதற்கு முந்திய வேலை.

கேள்வி: அம்மா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறார். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தே தெரியவில்லை. (களக்காடு)

தம்பி, அப்பா குடிப்பது உன்னால் அல்ல. நீ நல்ல மதிப்பெண் வாங்கினால் அவர் நிறுத்திவிடுவார் என்ற பாரத்தையும் நீ சுமக்க வேண்டாம். அவர் போதையில் இருக்கும்போது வாதம் செய்யாதே. காலையில், தெளிந்திருக்கும்போது, அம்மாவோ மாமாவோ பேசட்டும். அவர் நிறுத்த முன்வந்தாலும், பல வருடக் குடியை ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகலாம். மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். அடி விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடு. நாளைக்கு வகுப்பாசிரியரிடம், மாலை ஏழு மணி வரை பள்ளியிலேயே இருந்து படிக்க இடம் கேள். காரணம் கேட்டால், எனக்கு எழுதிய இந்த மூன்று வரியையே அவரிடம் காட்டு.