லாக் புக்கில் இல்லாத பறப்பு

அன்புள்ள ஐயா,

நாங்கள் சேலையூரில் இருக்கிறோம். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் ஒருவர் இருக்கிறார். வயது 84. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்றுநர் படிப்பை முடித்துவிட்டு, கர்நாடகத்தில் உள்ள பீதரில் பல வருடங்கள் கேடட்டுகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றியதும் அவருக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு கேடயம் கொடுக்கலாம் என்று சங்கத்தில் முடிவு செய்தோம். போய்ச் சொன்னபோது, "நான் எந்தப் போரிலும் குண்டு போட்டவன் இல்லை. வேலை பார்த்தேன், சம்பளம் வாங்கினேன். எனக்கு எதற்குத் தம்பி இதெல்லாம்?" என்று மறுத்துவிட்டார். எங்கள் செயலாளர், "விமானப்படைத் தளபதியாக இருந்த அர்ஜன் சிங்குக்கே 1969இல் ஓய்வுபெற்று 2002இல்தானே மார்ஷல் பட்டம் கொடுத்தார்கள்?" என்றார். எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். அத்தனை வருடம் கழித்துச் செய்யும் மரியாதையால் யாருக்கு என்ன பயன்? இவர் விஷயத்தில் நாங்கள் என்ன செய்யலாம்?

அன்புடன்,
கே., சேலையூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அர்ஜன் சிங்கிலிருந்தே தொடங்குகிறேன். பெரியவருக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1919இல் லாயல்பூரில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் ஃபைசலாபாத். 1944இல் இம்பால் போர்முனையில் முதலாம் ஸ்குவாட்ரன் என்ற விமான அணிக்குத் தலைமை வகித்து ஹரிக்கேன் போர் விமானங்களில் பறந்தார். டிஎஃப்சி என்ற வீரப் பதக்கம் அதற்காகக் கிடைத்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி வானில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன. அதை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். 1964இல் விமானப்படைத் தளபதி ஆனபோது வயது 45.

அடுத்த வருடமே போர். 1965 செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தானின் டாங்கிகள் ஜம்முவின் சாம்ப் பகுதிக்குள் நுழைந்துவிட்டன. தரைப்படை விமான உதவி கேட்டது. எவ்வளவு நேரத்தில் புறப்பட முடியும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவான் கேட்க, ஒரு மணி நேரத்தில் என்றார் அர்ஜன் சிங். சொன்ன நேரத்துக்குள் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பின. இந்தக் கதையை எல்லோரும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். அன்று மாலை முதலில் போனவை வாம்பயர் விமானங்கள். பழசு, உடலில் ஒரு பகுதி ஒட்டுப்பலகை. நான்கு விழுந்தன. மூன்று விமானிகள் உயிர் இழந்தார்கள். அதன் பிறகு வாம்பயர்களைப் போர்முனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பெருமையாகச் சொல்லும்போது இந்த மூன்று பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்போதுதான் அது முழுக்கதை.

மார்ஷல் பட்டம் வந்தபோது அவருக்கு 82 வயது. தரைப்படையில் கரியப்பா, மானெக்‌ஷா இருவருக்கும் மிக உயர்ந்ததான ஐந்து நட்சத்திரப் பதவி கிடைத்திருந்தது. விமானப்படையில் அதுவரை யாருக்கும் இல்லை. தாமதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நட்சத்திர அதிகாரிக்கு ஓய்வு என்பது கிடையாது. சாகும்வரை அவர் பணியில் இருப்பவராகவே கணக்கு. முப்பத்துமூன்று வருடம் முன்னால் வீட்டுக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிட்டு, "நீங்கள் இன்னும் எங்களில் ஒருவர்தான்" என்று ஒரு படை சொன்னது. பயன் என்ன என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பயன் இதுதான். தன்னைக் கழித்துவிடவில்லை என்று அந்த மனிதருக்குத் தெரிகிறது.

அவர் அந்த மரியாதையை எப்படி வைத்துக்கொண்டார் என்பதையும் பாருங்கள். தன் பண்ணை நிலத்தை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படையினருக்காக 2 கோடி ரூபாயில் ஒரு அறக்கட்டளை வைத்தார். அப்புறம் 2015 ஜூலை 28. ஷில்லாங்கில் காலமான அப்துல் கலாமின் உடல் டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு வந்தது. அர்ஜன் சிங்குக்கு அப்போது 96 வயது. சக்கர நாற்காலியில்தான் வந்தார். உடலுக்கு முன்னால் போனதும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதுகு நிமிர்ந்திருக்கும்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேறொன்றும் நினைவுக்கு வரும். இளம் வயதில் கலாம் விமானப்படை விமானியாக வேண்டும் என்று டேராடூன் தேர்வுக்குப் போனவர். எட்டுப் பேருக்குத்தான் இடம், அவர் ஒன்பதாவது. ஒரே ஒரு இட வித்தியாசத்தில் வாய்ப்பைத் தவறவிட்ட ராமேஸ்வரத்துப் பையனுக்கு, கடைசியில் விமானப்படையின் ஒரே மார்ஷல் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். எத்தனை முறை நினைத்தாலும் கண் கலங்குகிறது.

சரி, உங்கள் இரண்டாம் மாடிப் பெரியவருக்கு வருவோம். "குண்டு போட்டவன் இல்லை" என்கிறார் அல்லவா?

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் வீட்டில் அவருடைய அப்பாவின் லாக் புக்கை, அதாவது விமானி தான் பறந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஏட்டைப் பார்த்தேன். அவரும் பீதரில் கற்றுக்கொடுத்தவர். கெட்டி அட்டை, ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. தேதி, விமானத்தின் வகை, அதன் எண், கூடப் பறந்தவர் பெயர், என்ன பயிற்சி, பகலில் எவ்வளவு நேரம், இரவில் எவ்வளவு நேரம் என்று வரிவரியாக, பொடி எழுத்தில். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு ஒரு கையெழுத்து. எச்டி-2, எச்டி-2 என்று பக்கம் பக்கமாக ஒரே வகைப் பயிற்சி விமானம். கேடட்டுகளின் பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே போயின. புரட்டிக்கொண்டே, "பையன்கள் முதன்முதலாகத் தனியாகப் பறந்தது இதில் எங்கே சார் இருக்கிறது?" என்று கேட்டேன். நண்பரின் அப்பா சிரித்தார். "அது இதில் வராது. அப்போது நான் தரையில் அல்லவா நிற்கிறேன்?"

அப்புறம் விவரமாகச் சொன்னார். எச்டி-2இல் இரண்டு இருக்கை, ஒன்றன் பின் ஒன்றாக. ஒருநாள் காலை இரண்டு மூன்று சுற்று கூடவே பறந்து பார்த்துவிட்டு, ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தச் சொல்லி இவர் இறங்கிவிடுவார். காலியான இருக்கையின் பெல்ட்டுகளை இழுத்துக் கட்டுவார். தளர்ந்து கிடந்தால் கண்ட்ரோல் கம்பியில் சிக்கிக்கொள்ளும். மேல்மூடியை இழுத்துவிட்டு, பையனின் தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஒரே ஒரு சுற்று, ஒரு இறக்கம். பையனின் லாக் புக்கில் அது வாழ்நாள் முழுவதும் மறக்காத வரி. கற்றுக்கொடுத்தவரின் லாக் புக்கில் ஒரு நிமிடம்கூட ஏறாது. "அந்தச் சில நிமிடம் பார்த்த அளவுக்கு நான் வேறு எப்போதும் வானத்தைப் பார்த்ததில்லை" என்றார்.

உங்கள் விங் கமாண்டருக்கும் அப்படி எத்தனை காலைகள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் இறங்கிக்கொண்டு அனுப்பிய பையன்களில் யாராவது பிறகு எல்லையில் பறந்திருப்பார், யாராவது வெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களுக்குச் சாப்பாடு போட்டிருப்பார், யாராவது திரும்பி வராமலும் போயிருப்பார். "ஒன்றும் செய்யவில்லை" என்று அவர் சொல்வது பணிவு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் செய்ததில் பெரும்பங்கு அவருடைய கணக்கில் எழுதப்படவே இல்லை.

அதனால் கேடயம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். ஒரு ஞாயிறு மாலை நீங்கள் இரண்டு பேர் மட்டும் மேலே போங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். லாக் புக் பத்திரமாக இருக்கிறதா சார் என்று கேளுங்கள். விமானிகள் அதைத் தொலைக்க மாட்டார்கள். அதில் உள்ள கேடட்டுகளின் பெயர்களை அவர் வாயாலேயே படிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பெயரில் அவர் நிறுத்தி மூச்சு விடுகிறாரோ, அதன் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அந்த மாணவர்களில் சிலருக்கு இப்போது எழுபது வயதிருக்கும். ஓய்வுபெற்ற விமானப்படையினர் ஒருவரோடு ஒருவர் தொடர்பு விடாதவர்கள். தாம்பரம் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார்.

கிடைத்தால், ஆகஸ்ட் 15 அன்று பொன்னாடையை அந்த மாணவர் கையில் கொடுங்கள். தான் தனியாக அனுப்பிவைத்த பையன் கொண்டுவந்தால் பெரியவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கிடைக்காவிட்டாலும் அந்தப் பெயர்ப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், நானும் விசாரிக்கிறேன்.

அன்புடன்.