இரவுச் சப்பாத்தியும் இறங்காத எடையும்

சகோதரி, இரவுச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறியும் எடை இறங்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். குறை உங்கள் மன உறுதியில் இல்லை. 100 கிராம் அரிசியானாலும் கோதுமை மாவானாலும் 350 கலோரியை ஒட்டித்தான் வரும். நான்கு சப்பாத்தியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் எண்ணெயே சுமார் 160 கலோரி, குருமா தனி.

சோறு பிடிக்குமென்றால் சோறே சாப்பிடுங்கள். தட்டில் முதலில் அவரைக்காய்ப் பொரியலும் கெட்டிப் பருப்பும் தாராளமாக வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் சோற்றைப் போடுங்கள். மாலையில் முறுக்குக்குப் பதில் சுண்டல். பட்டினியாக மட்டும் படுக்காதீர்கள், அதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். களைப்பும் முடி உதிர்வும் இருப்பதாகச் சொல்கிறீர்களே, மருத்துவரைப் பார்த்துத் தைராய்டு பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.